காயவைத்த டேப்லெட்

எங்கள் மலையில் எதுவும் தானாகக் காயாது. துவைத்துப் போட்ட பள்ளிச் சட்டை நாலு நாளானாலும் சில்லென்றுதான் இருக்கும். உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும். வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். மூடினால் பிள்ளைகளின் மூச்சே கண்ணாடியில் வழியும். கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இந்தக் குளிரைக் காசு கொடுத்து அனுபவிக்கிறார்கள். எங்களுக்கு இலவசம்.

அதனால் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரு வழக்கம் உண்டு. தேயிலை பாக்டரியில் இலையை உலர்த்துகிற பெரிய டிரையர் இருக்கிறது. அதன் பின்பக்கத் தகடு எப்போதும் சூடாக இருக்கும். அங்கே திட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் டிரையர் முதுகு. காலில் போடுகிற நனைந்த சப்பாத்து, காயாத சட்டை, நமத்துப்போன அப்பளம், தீபாவளி முறுக்குக்கு அரைத்த மாவு எல்லாம் அங்கேதான் போகும். பாக்டரியில் வேலை செய்கிற ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தால் போதும், வரிசை வீடுகள் உள்ள லைன் முழுக்கச் சாமான் காய்ந்துவிடும். பாக்டரிக் கணக்கு பார்க்கிற கிராணி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். அவருடைய காலுறையும் அங்கேதான் காய்கிறது என்று ஊருக்கே தெரியும். நான் இந்தத் தோட்டத்தில் பிறந்து, இதே தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக வந்தவள். மழையில் நனைந்த விடைத்தாள் கட்டை ஒருமுறை அங்கே அனுப்பி, தேயிலை வாசனையோடு திருத்தியிருக்கிறேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு யாரையாவது திட்டத் தோன்றினால் எங்கள் வழக்கத்தைத் திட்டுங்கள். அந்தத் தாயைத் திட்டவேண்டாம்.

பள்ளிக்கு டேப்லெட் வந்த நாள் நல்ல நினைவிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனத்தார் வேனில் வந்தார்கள். மலைப்பாதை வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. மிச்சப் பேர் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் கேசரி கிடைத்தது. எனக்கு அந்தக் கறுப்புப் பலகைகளைக் கண்டதும் பிடிக்கவில்லை. புதிதாக எது வந்தாலும் எனக்கு முதலில் பிடிக்காது; என் கணவரைக்கூட அப்படித்தான். பிள்ளைக்கு ஒன்று என்று பெயர் ஒட்டிக் கொடுத்தார்கள். அதில் நிறுவனம் போட்டுக் கொடுத்த பாடங்களைத் தவிர வேறெதையும் திறக்க முடியாது. பாடத்தைப் படிக்கலாம், கேட்கலாம். கீழே சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வாய்விட்டு வாசித்தால் அந்தக் குரல் உள்ளே பதிந்துகொள்ளும். இணையம் இருந்தால் எல்லாம் தானாகக் கோலாலம்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றார் அவர்களோடு வந்த இளைஞர். எங்கள் பள்ளியில் கைப்பேசிக்கே லைன் கிடைக்காது என்று சொன்னேன். "பரவாயில்ல டீச்சர், உள்ளயே இருக்கும்" என்றார்.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் ஒரு சிறுமி, பள்ளிக்கு வந்த முதல் நாளிலிருந்து பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊமை இல்லை. காது நன்றாகக் கேட்கும். எழுதச் சொன்னால் எழுதுவாள். பெயர் கூப்பிட்டால் விரலைத் தூக்குவாள். ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அவள் அம்மா பாக்டரியில் டிரையர் பக்கம் வேலை செய்கிறவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் சிரித்தாள்.

"இவளா? வீட்டுல வாய மூடவே மாட்டா டீச்சர். எங்க வீட்டுக்காரரு வெள்ளிக்கிழம லோரி விட்டு எறங்குனா, அவரு சோறு திங்கறதுக்குள்ள ஒரு வாரத்துக் கதயயும் சொல்லி முடிச்சிருவா."

அவள் கணவர் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழ்நாட்டுக்குப் போகிற லாரி ஓட்டுநர். வாரக் கடைசியில்தான் வீடு. அவர் கேட்கிற அந்தக் குரலை எனக்கும் கேட்கவேண்டும் என்று ஆசை. அதட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்தும் பார்த்தேன். மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

டேப்லெட் வந்த பிறகு ஒரு நாள் எல்லாரையும் பாடத்தை வாசித்துப் பதியச் சொன்னேன். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு கத்தினார்கள். அந்த இரைச்சலில் இவள் எழுந்து, பந்தும் வலையும் போட்டுவைக்கும் அலமாரிக்குப் பின்னால் போனதை நான் கவனிக்கவில்லை. மாலையில் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய டேப்லெட்டிலும் ஒரு பதிவு இருந்தது. சும்மா பொத்தானை அழுத்தியிருப்பாள் என்று நினைத்துத்தான் தட்டினேன்.

கரகரப்பான குரல். இவளுக்கு மெலிந்த குரலாகத்தான் இருக்கும் என்று நானாக ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். இது சந்தையில் கீரை விற்கிற குரல். பேருந்துப் பயணம் பற்றிய பாடத்தைத் தடங்கலில்லாமல், கொஞ்சம் வேகமாகவே வாசித்தாள். முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அம்புட்டுதான் டீச்சர். இன்னிக்கி பள்ளிக்கூடத்துச் சோத்துல உப்பு இல்ல."

நான் அந்த ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். அழுதது எனக்கே எரிச்சலாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அதே டேப்லெட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "சமையல்காரம்மாகிட்ட சொல்றேன். நாளைக்கு உப்பு போடுவாங்க" என்று பதிந்து வைத்தேன்.

மறுநாள் அலமாரிக்குப் பின்னால் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அன்றைய பதிவின் கடைசியில், "இன்னிக்கி உப்பு கூடிப்போச்சு" என்று இருந்தது.

அப்படித்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். நேரில் ஒரு வார்த்தை இல்லை. பாடத்தை வாசிப்பாள், வாலாக ஒரு சேதி வைப்பாள். நான் மாலையில் கேட்டுப் பதில் வைப்பேன். தம்பி மைலோ டின்னுக்குள் தவளை பிடித்துப் போட்டது, அப்பாவின் லாரி வழியில் பழுதாகி நின்றது எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள், "டீச்சர் இன்னிக்கி யார்கிட்டயோ சண்ட போட்டுட்டு வந்திருக்காங்க. மூஞ்சியப் பாத்தா தெரியுதுலா" என்றாள். உண்மைதான். காலையில் சமையல் கேஸ் தோம்பு தீர்ந்துபோன விஷயத்தில் கணவரோடு பெரிய சண்டை. மற்றொரு நாள் பாடம் முடிந்து வெகுநேரம் ஒன்றும் இல்லை. அலமாரியின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கும் பேசணும்னுதான் இருக்கு டீச்சர். வாய் வரைக்கும் வருது. அங்கயே நின்னுக்குது" என்று வந்தது. "நிக்கட்டும். அவசரம் இல்ல" என்று பதில் வைத்தேன்.

அவசரம் இருந்தது. அந்த ஆண்டு வாசிப்புச் சோதனைக்கு ஓர் அதிகாரி வருவார். அவர் முன்னால் வாய்விட்டு வாசிக்காத பிள்ளையை டவுனில் உள்ள வேறொரு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் பரிந்துரைப்பார்கள். அங்கே தமிழ் கிடையாது. வாய் திறக்கவே பயப்படுகிற பிள்ளையை, தெரியாத முகங்களுக்கும் தெரியாத மொழிக்கும் நடுவில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். மூளை நன்றாக வேலை செய்கிற பிள்ளை. நான் தலைமையாசிரியரிடம் போய்ப் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். அவர் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த மனிதர், ஆனால் ஈரம் உள்ளவர். உடனே அந்த அதிகாரியிடம் பேசினார். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பதிவைத் தானே தன் காதால் கேட்டு, அது இந்தப் பிள்ளை வாசித்ததுதான் என்று தெரிந்தால் போதும், ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அன்று நான் நடக்கவில்லை, குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வாரக் கடைசியில் பிள்ளைகள் முறைபோட்டு டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பள்ளியில் அனுமதி இருந்தது. அதிகாரி வருவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவளுடைய முறை. அன்று பள்ளி விடுகிற நேரத்தில் பிடித்த மழை, கியா பார்ம் பக்கம் மண் சரிந்து சாலையை மூடுகிற அளவுக்குப் பெய்தது. பிள்ளை, பள்ளி வேன் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து லைன் வீட்டுக்கு நடந்தே போகவேண்டும். புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள். இருந்தாலும் நனைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அவள் அம்மா பள்ளி வாசலில் நின்றாள். வேலைக்குப் போகிற உடுப்பு. கையில், மகளின் துவைத்த வெள்ளைச் சட்டையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"கண்ணாடிக்குள்ள தண்ணி கோத்திருச்சு டீச்சர். எனக்குப் பயம் ஆயிருச்சு. வெள்ளிக்கெழமயே கொண்டுபோயி டிரையர் முதுகுல வெச்சிட்டேன். நேத்து ராத்திரி ஷிப்டு முடியிற வரைக்கும் இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க. சூடா இருக்கு இன்னும்."

பெருமையாகத்தான் சொன்னாள். சட்டையைப் பிரித்தாள். டேப்லெட்டின் முதுகு பூரி மாதிரி உப்பியிருந்தது. கண்ணாடி ஒரு பக்கம் விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே நிஜமாகவே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும் என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். அன்று வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்மேல் சட்டையை மறுபடி மூடினேன். என் முகத்தைப் பார்த்து அவள் முகம் மாறிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

"தப்பாப் போச்சா டீச்சர்?"

"அது பேட்டரி உள்ள சாமான்மா. சூடு ஆகாது."

"சப்பாத்தெல்லாம் அங்கதானே வெப்போம்" என்றாள். நானும் வைத்தவள்தானே.

அன்று மாலையே அதை ஒரு வாளி மணலில் வைத்து பிரிஞ்சாங் டவுனில் உள்ள கைப்பேசிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் கையால் தொடக்கூட இல்லை. பேட்டரி வெடித்தாலும் வெடிக்கும், உள்ளே சர்க்யூட் பலகையும் போயிருக்கும், தூரப் போட்டுவிடுங்கள் என்றான். திரும்பும் வழியில், லைன் கிடைக்கிற பம்ப் வீட்டு வளைவில் நின்று கோலாலம்பூருக்குப் போன் செய்தேன். அந்த இளைஞர் மிக மரியாதையாகப் பேசினார். "வேற ஒண்ணு அனுப்பிடறோம் டீச்சர், கவலப்படாதீங்க" என்றார். உள்ளே இருந்த குரல் வேண்டும் என்றேன். ஒருமுறைகூட இணையத்தில் சேராத கருவி, எங்களிடம் ஒன்றும் வந்து சேரவில்லை என்றார். ஏன் உங்கள் கைப்பேசியில் ஒரு பிரதி எடுத்துவைக்கவில்லை என்று அப்புறம் பலர் என்னைக் கேட்டார்கள். கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிற சாமானுக்கு யார் பிரதி எடுப்பார்கள் என்று சுள்ளென்று திருப்பிக் கேட்டேன்.

மறுநாள் சிறுமியிடம் வேறொரு பிள்ளையின் டேப்லெட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்து என் மேசையில் வைத்தாள். மாலை வரை பொறுக்கவில்லை. இடைவேளையிலேயே திறந்து கேட்டேன். அலமாரியின் கீச்சுச் சத்தம் இருந்தது. திடலில் பிள்ளைகள் கத்துவது இருந்தது. அவள் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான்.

காரணம் அவள் அம்மா மூலமாகத்தான் தெரிந்தது. பாக்டரி வாசலில் என்னைப் பார்த்து ஓடிவந்தாள்.

"டீச்சர், இவ என்னமோ கேக்குறா. 'நான் அதுல ரொம்பப் பேசிட்டேனாம்மா, அதான் உப்பிருச்சா'ங்கிறா. இல்லடி, அம்மாதான் சூட்டுல வெச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

நான் சிறுமியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். பேட்டரி படம் வரைந்து காட்டினேன். சூடுதான் காரணம், பேச்சு இல்லை என்றேன். தலையாட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்பானால் என்ன நினைக்கிறாள் என்று சாயங்காலம் தெரிந்துவிடும்.

அதிகாரி வருவதற்கு முந்திய நாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். மழை. லைன் முனையில் வரும்போதே அந்தக் கரகரத்த குரல் கேட்டது. தம்பி அவளுடைய போர்வையை இழுத்ததற்கு அவனை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரமாக நின்று, கைப்பேசியைச் சன்னலருகே நீட்டிப் பதிய ஆரம்பித்தேன். நடுவயதுப் பள்ளி ஆசிரியை, குடையில்லாமல், பிறத்தியார் வீட்டுச் சன்னலில் கையை நீட்டிக்கொண்டு திருடி மாதிரி நிற்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து, "என்னா டீச்சர், லைன் கெடைக்கலயா?" என்றார். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்தான் முழுக்க. அதற்குள் எங்கோ அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அதிகாரி நல்லவர். அதுதான் எனக்கு இன்றுவரை கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சிறுமிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். புத்தகத்தை அவள் மடியில் வைத்து, முதல் வரியைத் தட்டுத்தடுமாறித் தமிழில் தானே வாசித்துக் காட்டினார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தார். அவள் உதடு அசைந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். உதடு மூடிக்கொண்டது.

"நான் கேட்டிருக்கிறேன், புவான். இவள் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாக வாசிப்பாள்" என்று மலாயில் சொன்னேன்.

"உங்களை நம்புகிறேன்" என்றார் அவரும் மலாயில். "ஆனால் நான் கேட்டேன் என்று நான் எழுத முடியாதே."

அதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? பிறகு டாக்டரிடம் காட்டினார்கள். ஊசிக்குப் பயந்து அழுதாளே தவிர, அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. சிறப்பு வகுப்பில் பிள்ளைகள் குறைவு, கவனிப்பு அதிகம், இவளுக்கு நல்லதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் கடைசிச் சொல் பெற்றவர்களுடையது. ஒருமுறை போய்விட்டால் வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் திரும்பி வர முடியாது; ஆனால் போகுமுன் அம்மா வேண்டாம் என்றால் யாரும் அனுப்ப முடியாது. எனக்கு மிச்சமிருந்த ஒரே பிடி அதுதான்.

அவள் அம்மாவை வழியிலேயே பிடித்து அதைச் சொன்னேன். "கையெழுத்து போடாதம்மா. இன்னும் ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். நான் பேச வெக்கிறேன்."

தலையாட்டினாள். மகளுக்கு அந்தத் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

டேப்லெட் கெட்டதற்கு அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமையாசிரியர், "விடும்மா, சாமான்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நஷ்டம் கட்டச் சொல்லியிருந்தால் கட்டிவிட்டு நிமிர்ந்து நடந்திருப்பாள். கேட்காததால் அது அவள் தலையிலேயே நின்றுவிட்டது. வாரந்தோறும் கணவர் லாரியிலிருந்து இறக்கிய முட்டைக்கோஸும் தக்காளியும் கொண்டுவந்து பள்ளி அலுவலக வாசலில் வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடுவாள். என்னைக் கண்டால் பேச்சு, டேப்லெட்டில்தான் தொடங்கும். முடிவதும் அதில்தான்.

தலைமையாசிரியர் அறையில் அதிகாரி சம்மதத் தாளை அவள் பக்கம் நகர்த்தி, விருப்பம் இருந்தால் மட்டும் போடுங்கள், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தலைமையாசிரியர் அதைத் தமிழில் சொன்னார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்மா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஏற்கெனவே பள்ளிக்கூடத்துச் சாமானக் கெடுத்து வெச்சிட்டேன் டீச்சர்" என்றாள் மெதுவாக. "இப்ப பெரியவங்க ஒண்ணு சொல்றாங்க. அதுக்கும் வேணாம்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?"

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர், "டீச்சர், உக்காருங்க" என்றார். அவள் வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுக்கொண்டு போடட்டும் என்றேன். "அவரு லோரில இருக்காரு டீச்சர். நான் செஞ்ச தப்புக்கு அவரு என்னா செய்வாரு?" என்றாள். போட்டுவிட்டாள். போட்டபின் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கடன் அடைத்தவள் முகம். எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த மாதம் அந்தச் சிறுமியின் நாற்காலி சன்னலோரம் காலியாகிவிட்டது. காலையில் நான் பள்ளிக்கு நடக்கும்போது டவுன் பள்ளிக்குப் போகிற வேன் எதிரே வரும். கண்ணாடியில் பனி அப்பியிருக்கும். உள்ளே யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. வேன் போகிற வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். நிறுவனம் சொன்ன சொல் தவறாமல் புது டேப்லெட் ஒன்றை அனுப்பிவைத்தது. அவளுடைய பெயர் ஒட்டியே வந்தது. பழைய பட்டியலைப் பார்த்து அனுப்பியிருப்பார்கள். அதை அலமாரியில் பூட்டி வைத்தோம்.

அந்த ஆண்டு கடைசியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பிரிஞ்சாங் சந்தையில் அவர்களைப் பார்த்தேன். அவித்த சோளம் விற்கிற கடையருகே அம்மாவும் மகளும் நின்றார்கள். சிறுமி வளர்ந்திருந்தாள். நான் குனிந்து அவளிடம் ஏதேதோ கேட்டேன். பள்ளி எப்படி, புதுத் தோழிகள் உண்டா, தம்பி இன்னும் தவளை பிடிக்கிறானா. என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் பேச மாட்டேங்கிறாளாம்" என்றாள் அம்மா. "பரவால்ல, டீச்சருங்க நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. இப்ப வீட்டுலயும் பேச்சு கொறஞ்சிருச்சு. அவங்க அப்பா வந்தா, பக்கத்துல உக்காருவா. அம்புட்டுதான்."

சோளக்காரர் மூடியைத் திறந்தார். ஆவி எங்கள் மூவர் முகத்திலும் அடித்தது. மூன்று சோளம் கேட்டேன். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், அந்தச் சாமான் சரி ஆயிருச்சா?"

கடைக்காரப் பையன் சொன்னபடி அதைத் தூரப் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபோது, இந்த ஒரு பாரத்தையாவது இறக்கி வைத்துவிடலாம் என்று பட்டது. பொய்தான். யாருக்கு என்ன நஷ்டம்?

"ஆயிருச்சும்மா" என்றேன். "நல்லா ஓடுது. நீ அத மறந்துரு."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. மகளின் தோளைப் பிடித்து என் பக்கம் லேசாக நகர்த்தினாள்.

"அப்ப, திங்கக்கெழமலேருந்து இவள நம்ம பள்ளிக்கூடத்துக்கே கூட்டிக்கிட்டு வரலாமா டீச்சர்?"

சிறுமி முதல்முறையாகத் தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தாள். எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுகொண்டது.